மாநிலம் மாறும் டிரக் ஓட்டுநர்: சிடிஎல்லை உடனே மாற்றுவதா, பழையதையே வைத்திருப்பதா?

கேள்வி பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. குடும்பம் நியூ ஜெர்சியில், எடிசனில் இருக்கிறது. டல்லாஸ் பக்கம் ஒரு டிரக் கம்பெனியில் வேலை உறுதியாகிவிட்டது. பிள்ளைகளுக்கு ஜூன் வரை பள்ளிக்கூடம், அதன் பிறகுதான் வீட்டைக் காலி செய்ய முடியும். கையில் இருப்பது நியூ ஜெர்சி சிடிஎல், அதாவது டிரக் போன்ற பெரிய வணிக வாகனம் ஓட்டுவதற்கான லைசென்ஸ். அதை இப்போதே டெக்சஸுக்கு மாற்றிவிட வேண்டுமா, குடும்பம் வந்து சேரும்வரை பழையதை வைத்தே ஓட்டலாமா? இதற்கு நடுவில் டிரக் ஸ்டாப்பில் யாராவது ஒருவர், "சவுத் டகோட்டாவில் ஒரு மெயில்பாக்ஸ் எடுத்துப் போடுங்கள், எங்கே குடிபோனாலும் லைசென்ஸை மாற்றவே வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போவார்.

அமெரிக்காவில் டிரக் ஓட்டும் பஞ்சாபிகள் அளவுக்கு நம்மவர்கள் இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள அண்ணனோ மாமாவோ இந்தத் தொழிலில் இருப்பது அபூர்வம். அதனால் இந்த மூன்று வழிகளையும் இங்கே வரிசையாகப் பார்த்துவிடலாம்.

## எதை வைத்து எடை போடுவது

வீடு எங்கே இருக்கிறது. முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். சிடிஎல் கொடுப்பது மாநிலம் என்றாலும் விதி மத்திய அரசுடையது. உங்கள் உண்மையான, நிலையான வீடு எந்த மாநிலத்தில் இருக்கிறதோ, வெளியே போனாலும் திரும்பிப் போக வேண்டும் என்று எந்த மாநிலத்தை மனதில் வைத்திருக்கிறீர்களோ, அந்த மாநிலம் மட்டுமே உங்களுக்கு சிடிஎல் தர முடியும். கம்பெனி எங்கே இருக்கிறது, டிரக் எங்கே நிற்கிறது, சம்பளம் எங்கிருந்து வருகிறது என்பதெல்லாம் இந்தக் கணக்கில் வராது. நியூ ஜெர்சி சிடிஎல் வைத்துக்கொண்டு டெக்சஸ் கம்பெனிக்கு ஆண்டுக்கணக்கில் ஓட்டலாம், வீடு நியூ ஜெர்சியிலேயே இருந்தால். பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். வேலை மாறியதுமே லைசென்ஸும் மாற வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

கெடு. நிரந்தர வீடு மாறிய நாளிலிருந்து 30 நாளுக்குள் புதிய மாநிலத்தில் சிடிஎல்லை மாற்றிக்கொள்ள விண்ணப்பிக்க வேண்டும் என்பது மத்திய விதி. சாதாரணக் கார் லைசென்ஸுக்கு மாநிலங்கள் தாராளமாக இருக்கும். டெக்சஸ் 90 நாள் தருகிறது, நியூ ஜெர்சியும் பென்சில்வேனியாவும் 60 நாள். அதே டெக்சஸில் சிடிஎல்லுக்கு 30 நாள்தான். "என் மனைவிக்கு மூன்று மாதம் டைம் இருக்கிறதே, எனக்கும் அப்படித்தானே" என்று இருந்துவிடக் கூடாது.

கையை விட்டுப் போகக்கூடியவை. ஹஸ்மத் எண்டார்ஸ்மென்ட் (அபாயகரமான சரக்கு ஏற்ற லைசென்ஸில் சேர்க்கும் கூடுதல் அனுமதி), மாநிலம் கொடுத்திருக்கும் மருத்துவ விலக்கு, மாநிலத்துக்குள் மட்டும் ஓட்டலாம் என்ற வகை லைசென்ஸ். இவை எல்லை தாண்டும்போது அப்படியே கூட வருவதில்லை.

வரியும் ஓடாத நாட்களும். லைசென்ஸ் தரும் டிஎம்வி அலுவலக வரிசையில் நிற்கும் நாளுக்கு மைல் கணக்கில் சம்பளம் கிடையாது. லைசென்ஸ் கட்டணத்தைவிட இந்த இழப்புதான் பெரும்பாலும் பெரிது.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு விதி இருக்கிறது: ஒருவருக்கு ஒரே ஒரு லைசென்ஸ். 1986-ல் வணிக வாகனப் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு முன், நான்கைந்து மாநிலங்களில் லைசென்ஸ் எடுத்து வைத்துக்கொண்டு, ஒன்றில் விதிமீறல் டிக்கெட் சேர்ந்தால் இன்னொன்றை நீட்டுவது இந்தத் தொழிலில் நடந்துகொண்டிருந்த சங்கதி. அதை ஒழிக்கத்தான் அந்தச் சட்டம் வந்தது. 1992 ஏப்ரல் 1 முதல் சிடிஎல் கட்டாயமானது. மாநிலங்களின் ஓட்டுநர் பதிவுகளை இணைக்கும் சிடிஎல்ஐஎஸ் என்ற தகவல் அமைப்பும் அந்த ஏற்பாட்டில் ஒரு பகுதி. இன்று புதிய மாநிலத்தில் விண்ணப்பித்ததும் அந்த அமைப்பில் உங்கள் பழைய ஜாதகம் முழுவதும் வந்துவிடும். "அங்கே வாங்கிய டிக்கெட் இங்கே தெரியாது" என்று கணக்குப் போட்டு மாநிலம் மாறுவதில் பயன் இல்லை.

## வழி 1: குடிபோனதும் மாற்றிவிடுவது

வீடு உண்மையாகவே மாறிவிட்டது என்றால், இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. மாநிலத்துக்கு மாநிலம் சில்லறை வேறுபாடு உண்டு. எழுத்துத் தேர்வை மறுபடி எழுதச் சொல்லும் மாநிலங்களும் இருக்கின்றன. ஆனால் செல்லுபடியாகும் சிடிஎல்லை ஒப்படைத்தால், டிரக்கை ஓட்டிக் காட்டும் தேர்வைப் பொதுவாக மறுபடி எடுக்க வேண்டியதில்லை. பழைய லைசென்ஸ் காலாவதியாகிவிட்டால் அந்தச் சலுகைக்கு உத்தரவாதம் இல்லை. மாற்றும் நாளில் பழைய சிடிஎல் உயிரோடு இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது என்பதற்கு டெக்சஸ் நல்ல உதாரணம். லைசென்ஸ் தருவது டிபிஎஸ் என்ற மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறை. ஆனால் வெளிமாநில லைசென்ஸை ஒப்படைத்து டெக்சஸ் லைசென்ஸ் கேட்பவரிடம், அவருடைய சொந்தக் கார் டெக்சஸில் பதிவாகிவிட்டதற்கான அத்தாட்சியையும் டிபிஎஸ் கேட்கும். கார் பதிவு நடப்பது கவுன்ட்டி வரி அலுவலகத்தில். அதற்கு முன் டெக்சஸ் முகவரியில் இன்சூரன்ஸ் வேண்டும், டல்லாஸ் கவுன்ட்டி போன்ற இடங்களில் புகைப் பரிசோதனையும் வேண்டும். இன்சூரன்ஸ், புகை, கவுன்ட்டி, கடைசியில் டிபிஎஸ் என்பதுதான் வரிசை. இது தெரியாமல் நேராக டிபிஎஸ் போய் நின்றவர் ஒரு நாள் சம்பளத்தை இழந்து திரும்புவார். பெருநகர டிபிஎஸ் அலுவலகங்களில் அப்பாயின்ட்மென்ட் வாரக்கணக்கில் தள்ளிப்போவது சகஜம். ஆகவே சாமான் வண்டி எடிசனில் இருந்து கிளம்பும் முன்பே தேதியைப் பிடித்துவிடுங்கள். ஒரு ஆறுதலும் உண்டு: டெக்சஸில் முதன்முறை லைசென்ஸ் எடுப்பவர் 30 நாள் அங்கே வசித்திருக்க வேண்டும். செல்லுபடியாகும் வெளிமாநில லைசென்ஸை ஒப்படைப்பவருக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. முகவரிக்கு இரண்டு ஆவணம் இருந்தால் போதும்.

அடுத்தது ஹஸ்மத். மற்ற எண்டார்ஸ்மென்ட்கள் பெரும்பாலும் தொந்தரவு தருவதில்லை, இதுதான் தரும். மாற்றத்துக்கு முந்தைய 2 ஆண்டுக்குள் ஹஸ்மத் எழுத்துத் தேர்வில் தேறியிருக்க வேண்டும், அல்லது அதற்கு இணையானது என்று புதிய மாநிலம் ஏற்கும் தேர்வையோ பயிற்சியையோ முடித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தேர்வை மறுபடி எழுத வேண்டியதுதான். ஆனால் டிஎஸ்ஏ (மத்திய அரசின் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு) செய்யும் பின்னணிச் சோதனை வேறு சமாசாரம். பழைய மாநிலத்தில் செய்த சோதனையின் காலம் (அதிகபட்சம் 5 ஆண்டு) முடியும்வரை புதிதாகச் செய்ய வேண்டியதில்லை. கவுன்ட்டரில் இருப்பவர் இரண்டையும் போட்டுக் குழப்பி, விரல் ரேகை முதல் மறுபடி தொடங்கச் சொன்னால், பணிவாக இந்த வேறுபாட்டை எடுத்துச் சொல்லலாம்.

ஓட்ட உடல் தகுதி உண்டு என்று சான்று சொல்லும் மெடிக்கல் கார்டு, மாற்றத்தின் நடுவில் காலாவதி ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதிகபட்சம் 2 ஆண்டுதான் அதற்கு ஆயுள். கார்டு முடிந்து புதியது பதிவில் ஏறாவிட்டால் மாநிலம் உங்கள் சிடிஎல்லைச் சாதாரண லைசென்ஸாகக் கீழிறக்கிவிடும். இன்னும் ஒன்றிரண்டு மாதமே பாக்கி என்றால், குடிபோகும் முன்பே பரிசோதனையை முடித்துவிடுவது நல்லது. இரண்டு மாநிலங்களுக்கு நடுவில் உங்கள் பதிவு கைமாறும் வாரத்தில் கார்டும் முடிந்தால், எந்த அலுவலகத்தில் கேட்டாலும் அடுத்த அலுவலகத்தைக் கைகாட்டுவார்கள்.

பழைய மாநிலத்தில் கட்டாத அபராதம் ஏதாவது இருந்தால் அதையும் முன்கூட்டியே தீர்த்துவிடுங்கள். கார் ஓட்டும்போது வாங்கியதாக இருந்தாலும் சரி. அதற்காகப் பழைய மாநிலம் லைசென்ஸை நிறுத்தி வைத்திருந்தால் புதிய மாநிலம் கதவைத் திறக்காது.

## வழி 2: இப்போதைக்குப் பழையதையே வைத்திருப்பது

இதைப் பலர் ஏதோ சட்டத்தை ஏமாற்றும் வேலை போல நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வீடு மாறாதவரை பழைய மாநிலத்தின் சிடிஎல்லை வைத்திருப்பதுதான் சட்டப்படி சரி. எடிசன்காரரையே எடுத்துக்கொள்வோம். டல்லாஸில் ஒரு அறையில் தங்குகிறார், மூன்று வாரம் ஓட்டிவிட்டு விடுப்பு கிடைத்தால் எடிசனுக்குத்தான் போகிறார், மனைவி மக்கள் அங்கே, வாடகை ஒப்பந்தம் அங்கே. அவருடைய நிரந்தர வீடு நியூ ஜெர்சிதான். டெக்சஸ் டிபிஎஸ் அவருக்கு சிடிஎல் தரவே கூடாது என்றுகூடச் சொல்லலாம்.

சிக்கல், ஒரே ஆள் இரண்டு இடத்தில் இரண்டு கதை சொல்லும்போது வருகிறது. டிஎம்வியிடம் நான் நியூ ஜெர்சிக்காரன், வரித்துறையிடம் நான் டெக்சஸ்காரன்!

வரியைக் கொஞ்சம் விரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இங்கேதான் பணம் இருக்கிறது. பல மாநிலங்களில் ஓட்டுவது வேலையின் பகுதியாக இருக்கும் டிரக் ஓட்டுநரின் சம்பளத்துக்கு, அவர் வசிக்கும் மாநிலம் மட்டுமே வருமான வரி போட முடியும். இது மத்தியச் சட்டம். கலிஃபோர்னியாவுக்கு மாதம் நான்கு முறை லோடு ஏற்றிப் போனாலும் கலிஃபோர்னியா கை வைக்க முடியாது. இதன் மறுபக்கம், வீடு நியூ ஜெர்சி என்றால் டெக்சஸ் கம்பெனி கொடுக்கும் சம்பளம் முழுவதுக்கும் நியூ ஜெர்சி வரி கேட்கும். டெக்சஸில் மாநில வருமான வரி கிடையாது என்பதால், அங்குள்ள கம்பெனி உங்கள் சம்பளத்தில் நியூ ஜெர்சி வரியைப் பிடிக்காமலே விட்டுவிடலாம். கையில் கூடுதலாக வருகிறதே என்று மகிழ்ந்தால், அடுத்த ஏப்ரலில் மொத்தமாகக் கட்ட வேண்டி வரும். கட்ட வேண்டியது 400 டாலரைத் தாண்டும் என்று தெரிந்தால் நியூ ஜெர்சி காலாண்டுத் தவணையாக முன்கூட்டியே கட்டச் சொல்கிறது. தவறினால் அதற்கும் வட்டி. இந்த வழியின் ஒளிந்திருக்கும் செலவு இதுதான்.

இன்னொன்று தபால். மாநிலம் அனுப்பும் கடிதம் பதிவில் இருக்கும் முகவரிக்குத்தான் போகும். அந்த முகவரியில் பிரித்துப் பார்க்க ஆள் இருக்கும்வரை சரி. குடும்பமும் கிளம்பி, அட்ரஸும் மாறாமல், லைசென்ஸை நிறுத்தி வைத்த கடிதம் யார் வீட்டுத் தபால் பெட்டியிலோ கிடந்தால், எடை போடும் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் சொல்லித்தான் உங்களுக்கே தெரியவரும்.

எதுவரை இப்படி இருக்கலாம்? குடும்பம் டெக்சஸில் வந்து இறங்கும் நாள்வரை. அல்லது, தனியாள் என்றால், எடிசன் வாடகையை விட்டுவிட்டு டல்லாஸில் சொந்தப் பெயரில் வீடு எடுக்கும் நாள்வரை. அன்றிலிருந்து 30 நாள் ஓடத் தொடங்கிவிடும். நியூ ஜெர்சி கார்டில் இன்னும் மூன்று ஆண்டு பாக்கி இருக்கிறதே என்பது ஒரு வாதமே ஆகாது.

## வழி 3: மெயில்பாக்ஸ் மாநிலம்

சவுத் டகோட்டா, டெக்சஸ், ஃபுளோரிடா மூன்றிலும் வருமான வரி கிடையாது. வீடு போல வசதி உள்ள ஆர்வி வண்டியிலேயே ஊர் சுற்றும் ஓய்வு பெற்றவர்கள் தபால் சேவை முகவரி எடுத்து இங்கெல்லாம் வசிப்பவர்களாகப் பதிந்துகொள்வது பிரபலம். சவுத் டகோட்டாவில் ஒரு இரவு தங்கிய ரசீது இருந்தால் சாதாரண லைசென்ஸ் வாங்கலாம் என்று ஊர் முழுக்கப் பேச்சு. அவர்களுக்குச் சரி. அதை அப்படியே சிடிஎல்லுக்கு எடுத்துவருவதுதான் எனக்குப் பிடிக்காதது.

சிடிஎல்லுக்குக் கேட்கப்படுவது குடியிருப்பு முகவரி. பெயரும் அந்த மாநிலத்துக் குடியிருப்பு முகவரியும் உள்ள அரசாங்க வரிப் படிவம் போன்ற ஒரு ஆவணத்தைத்தான் மத்திய விதியே உதாரணமாகச் சொல்கிறது. டிரக்கில் படுக்கை உள்ள ஸ்லீப்பர் கேபினிலேயே வாழும் தனியாளுக்கு இது சங்கடம் என்பது உண்மைதான். ஆனால் அவருக்கும் விடுப்பில் போய்ப் படுக்க அக்கா வீடோ நண்பர் வீடோ ஏதாவது ஒன்று இருக்கும். அங்கே உண்மையாகவே போய் வந்து, தபாலும் அங்கேயே வந்து, வரியும் அந்த முகவரியில் கட்டினால் அதுதான் பாதுகாப்பான முகவரி. கண்ணால் பார்க்காத ஊரில் ஒரு எண்ணிட்ட பெட்டி அதற்கு ஈடாகாது.

பிடிபட்டால் விலை பெரிது. சிடிஎல் விண்ணப்பத்தில் பொய்த் தகவல் என்று மாநிலம் முடிவு செய்தால், குறைந்தது 60 நாள் ஓட்ட முடியாமல் போகும். இரண்டு மாதம் ஸ்டீயரிங் பிடிக்காமல் வீட்டில் உட்கார்ந்தால் போகும் சம்பளத்தையும், வரியில் மிச்சமாகும் தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். மனைவியும் பிள்ளைகளும் ஒரு மாநிலத்தில் பள்ளிக்கும் வேலைக்கும் போய்க்கொண்டிருக்க, கணவருக்கு மட்டும் வேறு மாநிலம் என்றால் எந்த வரி அதிகாரியும் நம்பமாட்டார்.

## ஒரே பார்வையில்

| | உடனே மாற்றுவது | பழையதை வைத்திருப்பது | மெயில்பாக்ஸ் |
|---|---|---|---|
| எப்போது சட்டப்படி சரி | நிரந்தர வீடு மாறிவிட்டால் | வீடு மாறாமல் வேலை மட்டும் மாறினால் | அநேகமாக எப்போதும் இல்லை |
| கெடு | வீடு மாறி 30 நாள் | கெடு இல்லை, வீடு மாறும்வரை | பொருந்தாது |
| ஒளிந்திருக்கும் செலவு | ஓடாத நாட்கள், கார் பதிவு, ஹஸ்மத் தேர்வு | பிடிக்கப்படாத மாநில வரி, தவறும் தபால் | லைசென்ஸே போகும் அபாயம் |
| வருமான வரி | புதிய மாநிலத்துக்கு | பழைய மாநிலத்துக்கு | வழக்கு வந்தால் தெரியும் |

## அட்டவணைக்குள் அடங்காதவர்கள்

சொந்த டிரக் வைத்திருப்பவர். லைசென்ஸ் உங்களுக்குச் சின்ன வேலை. பல மாநிலங்களில் ஓட்டுவதற்கான ஐஆர்பி நம்பர் பிளேட், ஐஎஃப்டிஏ எரிபொருள் வரிக் கணக்கு இரண்டும் ஒரு தாய் மாநிலத்தில்தான் இருக்கும். அந்த மாநிலம் மாறும்போது பிளேட் புதிது, கணக்கு புதிது. காலாண்டின் நடுவில் மாறினால் இரண்டு மாநிலங்களுக்கும் பதில் சொல்ல வேண்டி வரும். முடிந்தால் காலாண்டு முடிவை ஒட்டியோ பிளேட் புதுப்பிக்கும் மாதத்தை ஒட்டியோ குடிபோவது நல்லது.

சிஎல்பி (சிடிஎல்லுக்கு முன் எடுக்கும் பயிற்சி அனுமதி) வைத்துக்கொண்டு பயிற்சியில் இருப்பவர். பயிற்சிப் பள்ளி எந்த மாநிலத்திலும் இருக்கலாம். ஓட்டுநர் தேர்வையும் வேறு மாநிலத்தில் எடுக்கலாம், முடிவைச் சொந்த மாநிலம் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஆனால் சிஎல்பியும் சிடிஎல்லும் தருவது சொந்த மாநிலம்தான். தேர்வுக்குச் சில வாரமே இருக்கிறது என்றால் அதை முடித்துவிட்டுக் குடிபோங்கள். கையில் முழு சிடிஎல்லோடு மாறுவது, பாதிப் பயிற்சியோடு மாறுவதைவிட எவ்வளவோ சுலபம்.

21 வயதுக்குக் கீழே உள்ளவர். மாநிலத்துக்குள் மட்டும் ஓட்டும் கட்டுப்பாடு போட்ட சிடிஎல், அந்த மாநிலத்துக்கு வெளியே டிரக் ஓட்ட உதவாது. மாநில அளவில் மருத்துவ விலக்கு வாங்கி ஓட்டுபவருக்கும் இதே கதிதான். இவர்கள் வீடு மாறினால் புதிய லைசென்ஸ் கைக்கு வரும்வரை டிரக்கைத் தொட முடியாது. அந்த இடைவெளிக்கான பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாறுங்கள்.

ராணுவத்தில் இருப்பவர். பணி நிமித்தம் தங்கியிருக்கும் மாநிலமும் சிடிஎல் தர 2012-ல் தனிச் சட்டம் வந்தது. விருப்பம் உங்களுடையது.

எச்-1பி விசாக்காரரின் மனைவி அல்லது கணவருக்கான எச்-4 இஏடி போன்ற வேலை அனுமதியில் இருப்பவர். மேலே சொன்னது எல்லாம் குடியுரிமை அல்லது கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு. மற்றவர்களுக்கு இருந்தது நான்-டொமிசைல்டு சிடிஎல் என்ற தனி வகை. 2025 செப்டம்பரில் மத்திய அரசு கொண்டுவந்த அவசர விதி அதை எச்-2ஏ, எச்-2பி, இ-2 விசாக்காரர்களோடு நிறுத்தப் பார்த்தது, விஷயம் நீதிமன்றத்துக்கும் போனது. இந்த வகை லைசென்ஸ் கையில் இருந்தால், மாநிலம் மாறும் முன் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் பேசாமல் அதை யாரிடமும் ஒப்படைக்க வேண்டாம். மாற்றக் கொடுத்த பழையது போய், புதியதும் கிடைக்காமல் நின்றுவிடக்கூடிய ஒரே கூட்டம் இவர்கள்தான்.

## எடிசன்காரருக்கு

ஜூன் வரை நியூ ஜெர்சி சிடிஎல்லோடு ஓட்டலாம், வரியைத் தவணையாகக் கட்டிக்கொண்டே. கம்பெனி எச்ஆர் "டெக்சஸ் லைசென்ஸ் இருந்தால்தான்" என்றால், வீடு இன்னும் நியூ ஜெர்சியில்தான் என்று எழுத்தில் சொல்லுங்கள். பாதுகாப்புப் பிரிவில் இருப்பவருக்கு விதி தெரிந்திருக்கும். மே மாதத்திலேயே மெடிக்கல் கார்டைப் புதுப்பித்து, ஹஸ்மத் தேர்வு எழுதிய தேதியைப் பார்த்துவையுங்கள். ஜூலையில் டிபிஎஸ் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கும்படி முன்பதிவு செய்யுங்கள். குடும்பம் டல்லாஸில் இறங்கியதும் வாடகை ஒப்பந்தமும் மின்சார பில்லும் உங்கள் பெயரில் வரட்டும், முகவரிக்கு அந்த இரண்டுமே ஆவணம் ஆகிவிடும். கார் பதிவை முதல் வாரத்திலேயே முடியுங்கள். டிபிஎஸ் பழைய கார்டை வாங்கிக்கொண்டு கொடுக்கும் தற்காலிகக் காகித லைசென்ஸை ஃபோட்டோ எடுத்து அன்றே கம்பெனிக்கு அனுப்பிவிடுங்கள். பதிவு கைமாறியது தெரியாமல் லோடு ஒதுக்கும் டிஸ்பாட்ச் பிரிவு உங்களை நிறுத்தி வைத்தால், அந்த நாளுக்கும் சம்பளம் கிடையாது.